மச்சான் இழுத்த கோடு

எங்கள் மலையில் சைக்கிள் வைத்திருப்பதே பாதிப் பைத்தியக்காரத்தனம். எஸ்டேட்டிலிருந்து தானா ராத்தா டவுனுக்குப் போகிற ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது நாம் சைக்கிளைத் தள்ள வேண்டும், இறங்கும்போது சைக்கிள் நம்மைத் தள்ளும். மழை வந்துவிட்டால் இரண்டுமில்லை, சைக்கிளோடு சேர்ந்து ரோட்டோரச் சாக்கடைக் கானில் விழுந்து கிடக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிளைப் பிரித்துப்போட்டு, சுரண்டி, பெயிண்ட் அடித்து, மயில் வரைந்து, தங்கக் கலரில் கோடு இழுத்து, அது காயவில்லையே என்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேறு வழியில்லை, அவர் என் அக்கா புருஷன்.

பெயர் பக்கிரிசாமி. எழுபதுகளில் நாங்கள் இரண்டு பேருமே தேயிலை பேக்டரியில் இருந்தோம். அவர் மேலே, கொழுந்து வாட்டுகிற மாடியில். பறித்து வந்த கொழுந்தைப் பரப்பி, ஒரு கோடியிலிருந்து பெரிய காற்றாடி வைத்துச் சூட்டுக் காற்றை விடுவார்கள். அது வாடியதும் அள்ளிக் கீழே தள்ளுவது அவர் வேலை. நான் கீழே டிரையரில் நின்றேன். அரைத்த தேயிலை கடைசியாகக் காய்ந்து கறுப்பாக வெளியே வருகிற மெஷின் அது. வீடும் ஒரே லயத்தில்தான், வரிசையில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் பெயிண்ட் டின்னைத் திறந்தால் என் வீட்டில் குழந்தை தும்மும்.

வேலை நன்றாகத்தான் இருக்கும், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். துருப்பிடித்த சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தால், பிரேமை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிடுவார். அதன் மேல் சிவப்பு ஆக்சைடு, அதன் மேல் கலர், அது காய்ந்த பிறகு இன்னொரு கலர். மயில், வேல், தாமரை, செம்பருத்தி என்று கேட்டதை வரைவார். அச்சு வெட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று போட்ட எக்ஸ்ரே பிலிம் வாங்கி வைத்திருந்தார். யாருடைய விலா எலும்புக்கு நடுவிலோ ஒரு மயில் நிற்கும். எல்லாம் முடிந்து கடைசியில் தங்கக் கோடு. அணில் வால் மயிரை ஈர்க்குச்சியில் கட்டிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரேமின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பு. அந்த நேரத்தில் லயத்தில் ஒரு சட்டி கீழே விழக்கூடாது. விழுந்தால் அக்காவுக்கு அன்றைக்குத் திருவிழாதான்.

கோடு சரியாக வந்தாலும் தொல்லை தீராது. கோலா தெர்லாவிலிருந்து முனியாண்டி என்று ஒரு தோட்டக்காரர், முட்டைக்கோசு ஏற்றுகிற சைக்கிளைக் கொடுத்துவிட்டு அலையாய் அலைந்தார். ஒரு நாள் அவர்கள் பேசிக்கொண்டதை வாசலில் நின்று நானே கேட்டேன்.

"பக்கிரி அண்ணே, சைக்கிளு ஆயிருச்சா?"

"ஆவுது."

"போன வாரமும் இதத்தானே சொன்னீங்க? லோரில எடம் கேட்டு வந்திருக்கேன் லா."

"இந்தப் பக்கத்துக் கோடு ஒரு மயிரு தடிச்சிருச்சு. அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா! கோசு ஏத்துற சைக்கிளுண்ணே அது. கோட்ட எவன் பாக்கப்போறான்?"

"நான் பாக்குறேன்ல."

முனியாண்டி என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

இதெல்லாம் போகட்டும், பெயிண்ட் காய வேண்டுமே. எங்கள் ஊரில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மத்தியானமே மூட்டம் இறங்கிவிடும். ஈரம் பட்டால் பெயிண்டின் பளபளப்பு போய், மேலே பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். கொசு வந்து ஒட்டும். மச்சான் பிரேமைத் தூக்கிக்கொண்டு இடம் தேடுவார். கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டார், அக்கா கீழே படுக்க மாட்டேன் என்றாள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார், கரி படிந்தது. அன்றைக்குக் கரியைத் துடைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். "வெறகு ஈரமாடி வடிவு?" என்று கேட்டுவைத்தார். வடிவம்மாள் என்பது என் அக்கா பெயர். விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய், நனைந்து திரும்பி, பெயிண்ட் வாடையில் சோறாக்குகிறவளிடம் இதைக் கேட்டால் என்ன கிடைக்குமோ அது கிடைத்தது.

அப்போதுதான் அவர் என்னிடம் வந்தார்.

"மாப்ள, டிரையருக்குப் பின்னால நல்லா சூடா இருக்குல்ல?"

"வேணாம் மச்சான்."

"ஒரே ஒரு பிரேமு."

"வேணாம்னா வேணாம். தேயிலை வாடையக் குடிச்சுக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமலா இருக்கும்? தேயிலைக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பேக்டரிக்குள் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, வாசனை எண்ணெய் தடவக்கூடாது, சுருட்டைப் பற்றி நினைக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம். நான் முடியாது என்றதும் மச்சான் பேசாமல் போய்விட்டார். பேசாமல் போனாலே பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் மாடியில் கொழுந்து இருக்காது, ஆனால் மெஷின் துடைக்கிறவர்களுக்காகச் சூட்டுக் காற்றைக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பிரேமைக் கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் காயவைத்துக் கொண்டுவந்துவிடுவார். கண்ணாடி மாதிரி காய்ந்து வந்தது. திடீரென்று இவருக்கு எப்படி இவ்வளவு வெயில் கிடைக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

எழுபத்தொன்பதில் துரையின் சைக்கிள் வந்தது. துரை என்றால் எஸ்டேட் மேனேஜர், இவர் நம்ம நாட்டுத் துரைதான், வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். ஆனால் முன்னே இருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சைக்கிள் ஒன்று ஸ்டோரில் கிடந்தது, அதன் மேல் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பழைய துரை சீமையிலிருந்து மலையைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், அவருடைய சைக்கிளையே புதுசாக்கி நிறுத்த வேண்டும் என்று எங்கள் துரைக்கு ஆசை வந்துவிட்டது. ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சாம்பசிவம் அதை உருட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார்.

"பக்கிரிசாமி, பழைய மாதிரியே கரும்பச்சை. தங்கக் கோடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

"காயணுமே சார்."

"எங்க காய வைப்பியோ அது ஒன் பாடு. தொரைக்கு வெள்ளிக்கிழமை வேணும்."

வேறு யாராக இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்திருப்பார்கள். மச்சானும் முடித்தார். முடித்துவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பின்பக்கம், சக்கரம் மறைக்கிற இடத்தில், கோடு கொஞ்சம் வளைந்திருந்ததாம். அழித்துவிட்டார். கோட்டை அழித்ததில் பச்சையும் உரிந்தது, பச்சையை மறுபடி அடித்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடாத மழை. புதன்கிழமை சாயங்காலம் அதே கோணிச் சாக்கோடு மாடிக்கு ஏறிவிட்டார், மாடியில் கொழுந்து பரப்பியிருக்கும்போது.

கொழுந்து கிடந்தது அந்தக் கோடியில், அதனால் நாம் இந்தக் கோடியில் மாட்டினால் தூரம்தானே என்று நினைத்தாராம். இந்தக் கோடியில்தான் காற்றாடி இருந்தது. காற்று முதலில் பிரேமின் மேல் பட்டு, அங்கேயிருந்து கொழுந்து முழுவதையும் தடவிக்கொண்டு போயிருக்கிறது. அந்த மாடியிலேயே காலத்தை ஓட்டியவருக்குக் காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாதா? தெரியும். பெயிண்ட் காய வேண்டும் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் தெரியாது. 

மறுநாள் தேயிலையை ருசி பார்க்கிற டீமேக்கர் வழக்கம்போல எல்லாக் கோப்பையிலும் ஊற்றி, வாயில் வைத்துப் பார்த்தார். முதல் கோப்பையைத் துப்பினார். இரண்டாவதையும் துப்பினார். கடைசியில் கோப்பையை வாயருகே கொண்டுபோகவே பயந்தார். ஒரு நாள் கொழுந்து முழுவதும் போச்சு. துரை வந்தார், கிராணி வந்தார், ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள். எண்ணெய் வாடை என்றார் துரை. எண்ணெய் எங்கே இருக்கிறது? டிரையரின் உலையில்தான் டீசல் எரிகிறது. குழாயில் கசிவு இருந்து சூட்டுக் காற்றில் கலந்திருக்கும், அதைக் கவனிக்காமல் டிரையர்காரன் தூங்கியிருப்பான். டிரையர்காரன் நான்.

குழாயை எத்தனை தடவை காட்டினாலும் யாரும் பார்க்கத் தயாராயில்லை. வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை, அதற்குப் பிறகு வீட்டைக் காலி செய்யத் தயாராக இரு என்று கிராணி சொல்லிவிட்டார். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். என் வீட்டுக்காரி நவமணி கைக்குழந்தையோடு இருந்தாள், பெயர் பதிந்த வேலை அவளுக்கு இல்லை. நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அக்கா வந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"டேய் சின்னையா, அது ஒன் மெஷினு இல்லடா. இந்த மனுசன் வேல."

கோணிச் சாக்கு, புதன்கிழமை, மாடி, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் பலகைச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மச்சான் துரையின் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் அணில் மயிர் தூரிகை.

"மச்சான், எனக்கு வீடு போவுது. தெரியுமா ஒங்களுக்கு?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோடு முடிகிறவரை பதில் வராது. முடிந்தது.

"தெரியும் மாப்ள."

"போயி சொல்லுங்க. அக்கா பேர்ல கொழுந்து வேல இருக்கு, ஒங்க வீடு நிக்கும். எனக்கு என்ன இருக்கு?"

"பாப்பம். மொதல்ல வண்டிய முடிச்சுக் குடுக்கணும்."

அடித்துவிடலாம் என்றுதான் இருந்தது. இல்லை, நானே ஆபீசுக்குப் போய் இன்னார்தான் என்று சொல்லியிருக்கலாம். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு போய் அதை எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து சட்டி பானைகளை எடுத்து வைத்தேன். நவமணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிச் சாக்கில் போட்டாள். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசில் துரையின் மேசைக்கு முன்னால் நின்றேன். மேசையில் அந்தத் தேயிலை ஒரு கோப்பையில் ஊற்றி வைத்திருந்தது. கிராணி சாம்பசிவம் என் குற்றத்தை இங்கிலீஷில் படித்தார், எனக்குப் பாதி புரிந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. மச்சான்தான். சுத்தமான சட்டை போட்டு, தலை வாரி, சைக்கிளை ஒரு துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே துரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"டீசல் ஸ்மெல். எந்தக் குழந்தையக் கேட்டாலும் சொல்லும்."

மச்சானின் கை நின்றது. யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்தார். மேசையிலிருந்த கோப்பையை எடுத்து மோந்தார். அதற்குப் பிறகு ஒரு வாய் குடித்தார். கிராணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது டீசல் இல்லீங்க தொர."

"அப்புறம் என்ன?"

"பெயிண்ட்டு. நல்ல பெயிண்ட்டுங்க. இதப்போயி டீசல்னு சொல்றவங்களுக்கு மூக்குல ஏதோ கோளாறு."

"பக்கிரிசாமி, சொன்னது தொர!" என்றார் கிராணி.

"யாரு சொன்னாலும்தான் சார். அந்தா நிக்குதுல்ல, அந்த வாடைதான் இது. வேணும்னா மோந்து பாருங்க. நான்தான் புதங்கெழம மாடியில மாட்டுனேன். டிரையருல ஒண்ணும் கசியல."

துரை எழுந்து வராந்தாவுக்குப் போனார். குனிந்து சைக்கிளை மோந்தார். உள்ளே வந்து கோப்பையை மோந்தார். மறுபடி வெளியே போனார். அவருடைய சைக்கிள், அவர் குறித்த வெள்ளிக்கிழமை, அவருடைய தேயிலை. யாரைத் திட்டுவது என்று அவருக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. சைக்கிள் வேறு அவ்வளவு அழகாக இருந்து தொலைத்தது. மத்தியானம் பழைய துரை வந்து, அதைத் தடவித் தடவிப் பார்த்து, பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு போனார்.

எனக்கு வேலையும் வீடும் நின்றது. மச்சானை எஸ்டேட்டை விட்டு விரட்டவில்லை, துரைக்கு அந்த அளவு வெட்கம் இருந்தது. ஆனால் இனி பேக்டரி வாசலை மிதிக்கக்கூடாது, நாளையிலிருந்து கவ்வாத்து என்று சொல்லிவிட்டார்கள். கவ்வாத்து என்றால் முற்றிய தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே கத்தியால் வெட்டித் தள்ளுவது. கத்தி கனம், செடி இரும்பு. நாள் முழுக்கச் சரிவில் நின்று வெட்ட வேண்டும்.

பாழாய்ப்போன தேயிலையை என்ன செய்தார்கள் தெரியுமா? கொட்டவில்லை. தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற தேயிலையில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் மூன்று லயமும் பெயிண்ட் டீதான் குடித்தது. காலையில் முதல் வாய் குடிக்கும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மச்சானின் பெயர் கேட்கும், கூடவே வேறு வார்த்தைகளும் கேட்கும். நவமணி மட்டும் அவருக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, "குடிங்கண்ணே, கரும்பச்ச" என்பாள். அவரும் வாங்கி, மோந்து, "ரெண்டாவது கோட்டிங்கு" என்று சொல்லிக் குடிப்பார்.

இதற்குப் பிறகாவது விடுவார் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால் என் வீட்டு அடுப்புக்கு மேலே ஒரு பிரேம் தொங்குகிறது.

"என்ன மச்சான் இது?"

"ஒன் வீட்டு அடுப்புல பொக கம்மி மாப்ள."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டாவது பிரேமைத் தூக்கி எறிந்திருப்பேன். ஒரு தடவை நானே கேட்டேன்: "எனக்காகத்தானே மச்சான் அன்னிக்கு ஆபீசுல சொன்னீங்க?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பெயிண்ட்ட டீசல்னு சொல்றானுங்க, பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?" அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. பகலில் பேக்டரியில் தேயிலை காயவைப்பேன், சாயங்காலம் வீட்டில் சைக்கிள் காயவைப்பேன். விறகைத் தள்ளி, தணலைக் குறைத்து, பிரேமைத் திருப்பிவிடுவேன். யார் யாருடைய மயிலோ தாமரையோ என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே இருந்தது.

எண்பதுகளில் லயத்தில் மோட்டார் சைக்கிள் வர ஆரம்பித்தது. நானும் பழைய ஹோண்டா ஒன்று வாங்கினேன். என் சைக்கிளை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் சாத்தினேன், அதை அப்படியே மறந்தும் போனேன். அந்தச் சைக்கிளுக்கு மட்டும் மச்சான் பெயிண்ட் அடித்ததே இல்லை. எத்தனையோ தடவை கேட்டார், நான் கொடுக்கவில்லை. தள்ளிக்கொண்டு போகிற சாமானுக்குத் தங்கக் கோடு எதற்கு என்று வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்திருக்கிறேன்.

எண்பத்தாறில் ஒரு பிரேம் என் அடுப்புக்கு மேலே வந்தது. நீலம். வந்தது வந்ததுதான், போகவே இல்லை. மச்சான் வருவார், எடுத்துப் போவார், மறுநாள் துடைத்த நீலத்தோடு திரும்பத் தொங்கவிடுவார். இத்தனை நாள் ஒரு பிரேமா என்று எரிந்து விழுந்தேன். எவன் சைக்கிள் இது, அவனுக்கு வீட்டில் வேலையில்லையா என்று கேட்டேன். அவர் பிரேமைத் திருப்பித் தொங்கவிட்டுவிட்டுப் போனார். அக்காதான் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ கத்தாதடா. அவருக்குக் கோடு வரல."

"ஏன்?"

"ஏனா? கவ்வாத்துக் கத்தி புடிச்ச கையி. வெரல் மடங்குனா நிமிர மாட்டேங்குது. இழுக்குறாரு, அழிக்கிறாரு. கொஞ்ச நாளா இதேதான்."

 அந்தக் கத்தியை அவர் கையில் கொடுத்தது எது என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு அவர் வராந்தாவிலேயே நின்றிருந்தால் அந்தக் கை மாடியில் கொழுந்து கிளறிக்கொண்டு இருந்திருக்கும். என் கைதான் எங்கேயாவது போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் அந்தச் சைக்கிளை சக்கரமெல்லாம் மாட்டி முழுசாக்கி என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நீலப் பிரேம், முன்னால் ஒரு சின்ன வேல், நடுப் பட்டையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர்: சின்னையா. அப்போதுதான் எனக்கு விறகுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் திட்டித் திட்டி நான் காயவைத்தது என் சைக்கிளைத்தான்.

"எப்புடி இருக்கு மாப்ள?"

அவர் வாழ்நாளில் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிற ஆள். நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தங்கக் கோடு கழுத்திலிருந்து நேராகப் புறப்பட்டு, பெயருக்குக் கீழே வரும்போது தடுமாறி, ஓரிடத்தில் தடித்து, மறுபடி மெலிந்து, எப்படியோ பின்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. சின்னக் குழந்தைக்கும் தெரியும். அக்கா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் இன்றைக்கே அழித்துவிடுவார். என்னிடமிருந்து பொய்யை வாங்கிக்கொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று நினைப்பார்.

"கோடு கோணலா இருக்கு மச்சான்."

அக்கா "அடப்பாவி" என்றாள். மச்சான் குனிந்து கோட்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"தெரியுது. ஒன் மூஞ்சிக்கு இது போதும்."

அழிக்கவில்லை. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. எதற்கு இந்த மனுஷன் இப்படி? நேராக நன்றி சொல்லவும் விடமாட்டார், நிம்மதியாகத் திட்டவும் விடமாட்டார்.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு தானா ராத்தாவுக்குக் கிளம்பினேன். முழங்கால் வலியோடு மேடு முழுவதும் தள்ளினேன், ஏறி உட்காரவே இல்லை. கோணல் கோடு இருக்கிற பக்கம் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டேன். கிராணி சாம்பசிவம் எதிரே காரில் வந்தவர் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சின்னையா, மோட்டார் ரிப்பேரா?"

"மோட்டார் நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்புறம் ஏன்யா இந்த மேட்டுல இதத் தள்ளிக்கிட்டுப் போற?"

"என் சைக்கிளு, நான் தள்ளுறேன். ஒங்களுக்கு என்ன சார்?" என்று சொல்லிவிட்டுத் தள்ளினேன்.